நால்வீட்டுக் கோமான் மேல்மாடிக் குழாயோடு பொருத படலம்

வாழி! மாடிக்கு ஒரு வீடாக நான்கு வீடுகள் அடுக்கிய ஒரே கட்டடத்தின் தலைவன் வாழி! ஓட்டுநர் பயிற்சிக் காரில் பதினாறாண்டுகள் பக்கத்து இருக்கையில் அமர்ந்து, பிறர் ஓட்டத் தான் பிரேக் மிதித்து, எண்ணற்ற விளக்குக் கம்பங்களின் உயிர் காத்த வலக்கால் வாழி! தன் சேமிப்பையும் மனைவியின் சேமிப்பையும் ஒன்றாய்க் கொட்டி, போதாததற்கு வங்கி நீட்டிய தாள்களில் நாற்பத்தேழு இடங்களில் கையெழுத்திட்டு, பழைய கட்டடமொன்றை வாங்கி, ஒரு வீட்டில் தான் குடிபுகுந்து, மூன்றை வாடகைக்கு விடத் துணிந்த அந்தச் சாவிக்கொத்தேந்தல் ஒரு குழாயிடம் மும்முறை தோற்றான் என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆக வேண்டும்.

குழாய் இருந்தது உச்சி மாடியில், ஆளில்லாத வீட்டின் சமையலறையில். காலை ஆறு மணிக்குத் திறந்தால் அருவியெனக் கொட்டும். நண்பகலிலும் கொட்டும், மாலையிலும் கொட்டும். ஆனால் வீடு பார்க்க ஒருவர் வந்து, "தண்ணியெல்லாம் நல்லா வருமா?" என்று கேட்டுத் திறந்துவிட்டாலோ, முதலில் ஓர் இருமல், அடுத்து, மாமியார் வீட்டில் மனக்குறை உள்ள மருமகனைப் போல் ஒரு நீண்ட பெருமூச்சு, கடைசியில் இரண்டே இரண்டு சொட்டு. இவ்வாறே தலைவனைப் புகைப்படக்காரர் ஒருவர் வீழ்த்தினார். தையற்கடை முதலாளி ஒருவர் வீழ்த்தினார். புதிதாய் மணமான இணையொன்று இரு திசையிலிருந்தும் தாக்கி வீழ்த்தியது. மூன்று தரப்பும் எய்தது ஒரே அம்பு: "யோசிச்சுச் சொல்றோம்." போகிற போக்கில் மூன்று தரப்பும் சொன்ன ஆறுதலும் ஒன்றே: "வாசலை ரொம்பச் சுத்தமா வச்சிருக்கீங்க."

பிளம்பர் இருமுறை வரவழைக்கப்பட்டார். இருமுறையும் நம் தலைவனே டார்ச் ஏந்தி உச்சி மாடியில் உடன் நின்றான். இருமுறையும் குழாய் அவர் முகத்திலேயே அறைந்தது. "அண்ணே, இதுல என்ன குறை கண்டீங்க? என் சட்டையப் பாருங்க!" என்று நனைந்தபடியே போனார்.

நான்காம் போர்நாள் விடிந்தது. பத்தரை மணிக்கு ஒரு நர்ஸ் வீடு பார்க்க வருவதாக இருந்தது. அன்று காலை தலைவனின் இல்லாள், பல் மருத்துவமனை வரவேற்பில் அமர்ந்து அலறுவோரையும் வரிசையில் உட்கார வைக்கும் ஆற்றலாள், இவ்வாறு பிரகடனம் செய்தாள்:

"ஏங்க, மூணாவது வாடகையும் வந்தாத்தான் தவணைக்குச் சரியா இருக்கும். மூணு மாசமா என் சம்பளத்துலேர்ந்து எடுத்துப் போடறோம். இந்த நர்ஸம்மாவும் யோசிச்சுச் சொல்றேன்னு போயிட்டாங்கன்னா, கட்டடத்த வித்துடுவோம். சொல்லிட்டேன்."

"கவலைப்படாத, இவளே! இன்னிக்கு விட்டுக் காட்டறேன் பாரு!"

படை வகுக்கப்பட்டது. வீட்டைக் காட்டுவது மனைவியின் பொறுப்பு. வீட்டுக்காரர் எத்தனை பொறுப்பானவர் என்பதைக் காட்டுவது தலைவனின் பொறுப்பு. எப்போதும் அப்படித்தான். ஆகவே அவன் கீழே வாசல் குழாயில் பச்சை ரப்பர் குழாயைப் பூட்டி, அதன் கழுத்தைக் கைப்பற்றி, மதயானைத் துதிக்கையென அது சீற, இரும்புக் கதவையும் சிமெண்டுத் தளத்தையும் நான்கு பூந்தொட்டிகளையும் வெள்ளக்காடாக்கி நின்றான். நர்ஸ் வந்தார். "அடேயப்பா, வாசல் பளிச்சுன்னு இருக்கே!" என்றார். தலைவன் ஓரங்குலம் வளர்ந்தான். மகளிர் இருவரும் உச்சி மாடி ஏறினர்.

மேலே குழாய் திறக்கப்பட்டது. இருமியது.

"ஏங்க!" என்று சன்னல் வழியே முழங்கினாள் இல்லாள். "தண்ணி வரல!"

கீழே நீர்த்தாரை இரும்புக் கதவில் மோதிப் போர்முரசு கொட்டிக்கொண்டிருந்தது. "என்னது? கேக்கல, இரு!" என்று தலைவன் காது கொடுப்பதற்காக வாசல் குழாயை மூடினான்.

மேலே அருவி பாய்ந்தது.

"ஒண்ணுமில்ல, வந்துடுச்சு!"

வெற்றிக்களிப்பில் தலைவன் மறுபடி திறந்தான்.

"ஐயோ, போயிடுச்சு!"

"என்னது? இரு, இரு!" மூடினான்.

"வந்துடுச்சு!"

திறந்தான். போயிற்று. மூடினான். வந்தது. கடலலை கரையேறுவதும் இறங்குவதும் போல, புதிதாய் வண்டி பழகுபவன் கிளட்சை விடுவதும் மிதிப்பதும் போல, இப்போர் ஐந்து சுற்று நிகழ்ந்தது. ஆறாம் சுற்றில் நர்ஸ் சன்னலில் தலை நீட்டினார்.

"சார், அந்த வாசல் குழாய மூடுங்க. ம், இப்பத் திறங்க. மூடுங்க. திறங்க." பிறகு சிரிக்கத் தொடங்கினார். "அக்கா, உங்க வீட்டுக்காரர்தான் தண்ணியக் குடிச்சிட்டிருக்கார்! சலைன் பாட்டில ஒசக்கத் தொங்கவிட்டாத்தான் ஒழுங்கா இறங்கும். கட்டில் மட்டத்துக்குத் தாழ்த்தினா சொட்டறதே நின்னுடும். உங்க தொட்டியும் இந்தக் குழாயும் கிட்டத்தட்ட ஒரே மட்டம்!"

எத்தனை அழகான உண்மை! மொட்டை மாடித் தொட்டியிலிருந்து இறங்குவது ஒற்றைக் குழாய். நான்கு வீடும் வாசலும் அதிலேதான் கிளை பிரிகின்றன. நீருக்கு வலிமை தருவது அது விழுகிற உயரம். வாசலுக்கு நான்கு மாடி உயரம். உச்சி வீட்டுக்கோ தொட்டியின் காலடியிலிருந்து நாலைந்து முழம். கீழே பெருவாய் ஒன்று அகலத் திறந்தால், நீரெல்லாம் உச்சி வீட்டின் கிளையைத் திரும்பியும் பாராமல் கீழே ஓடிவிடும். போகிற வேகத்தில் அந்தக் கிளையிலிருந்து காற்றையும் உறிஞ்சும். அந்த இருமல் அதுதான். பகைவனைத் தேடி மும்மாதம் அலைந்த வீரன், அந்தப் பகைவனின் கழுத்தைத் தன் கையாலேயே பிடித்து நின்றிருந்தான், பூந்தொட்டிக்கு நீர் வார்த்தபடி.

தலைவன் ரப்பர் குழாயைக் கீழே போட்டான். இல்லாள் சன்னலிலிருந்து அவனைப் பார்த்த பார்வையை வருணிக்க இந்நடைக்குத் தெம்பில்லை.

"வீடு பிடிச்சிருக்கு, சார்," என்று மேலிருந்து நர்ஸின் குரல் வந்தது. "நான் ஒம்பது மணிக்கு வேலைக்குக் கிளம்பிடுவேன். அதுவரைக்கும் உங்க வீரத்தக் கொஞ்சம் அடக்கி வைப்பீங்களா?"

விண்ணதிர, மண்ணதிர, நான்கு பூந்தொட்டிகளும் சாட்சியாக, நால்வீட்டுக் கோமான் வலக்கையை உயர்த்திச் சூளுரைத்தான்.

இப்போதெல்லாம் அவர் ஒன்பது மணிக்கு மேல்தான் வாசல் கழுவுகிறார்.