பசியாவரத்துக்கு வரியைத் திருப்பிக் கொடுக்கப் போன கதை

ஒரு விஷயம் அரைகுறையாகத் தெரிந்தவனால் ஊருக்குப் பெரிய ஆபத்து கிடையாது. சந்தேகம் வந்து நடுவிலேயே வாயை மூடிக்கொள்வான். முழுதாகத் தெரிந்தவனிடம்தான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். எழுபதுகளின் தொடக்கத்தில், பி.காம். முடித்த கையோடு, எனக்கு வருமான வரிச் சட்டம் முழுதாகத் தெரிந்திருந்தது.

மண்ணடியில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் கொஞ்ச காலம் குப்பை கொட்டியதில் வந்த ஞானம் அது. அங்கே வந்தவர்கள் எல்லாம் பெரிய முதலாளிகள். வரியே கட்டாமல் இருப்பதற்கு ஆடிட்டருக்குப் பணம் கட்டுகிறவர்கள். கட்டக் கூடாத வரியைக் கட்டிவிட்டுப் பேசாமல் இருந்தது வேறொரு கூட்டம். எண்ணூர் பக்கத்துக் கம்பெனிகளில் பிட்டராகவும் வெல்டராகவும் எலெக்ட்ரீஷியனாகவும் இருந்தவர்கள். ஓவர்டைம் சேர்ந்து சம்பளம் வரம்பைத் தாண்டினால் கம்பெனியே வரியைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் சொந்தக் காசில் வாங்கிய கருவி, இன்ஷூரன்ஸ், வேலைக்குப் போய்வர வைத்திருக்கும் சொந்த வண்டி என்று பலதுக்குச் சட்டத்தில் கழிவு உண்டு. கேட்டால் வரி திரும்பி வரும். யாரும் கேட்கவில்லை.

நான் கேட்டுக் கொடுப்பது என்று முடிவு செய்தேன். வேலையை விட்டுவிட்டுப் பழவேற்காட்டுக்குத் திரும்பி, 'ரீபண்டு சர்வீஸ்' என்று ஒரு பலகை எழுதி, வாப்பாவின் வலைநூல் கடை வாசலில் மாட்டினேன். வாப்பா பலகையைப் படித்துவிட்டுச் சொன்னார்: "இந்த மாசம் முடியறதுக்குள்ள ஒரு ஆளாவது உன்னத் தேடி வரணும். இல்லன்னா உள்ள வந்து நூல் நிறுக்க உக்காரு."

தராசுக்குப் பின்னால் உட்கார்ந்து ஆயுளைக் கழிப்பதை நினைத்தாலே எனக்குக் காய்ச்சல் வந்தது. (பட்டதாரி அல்லவா.) மறுநாளே பொன்னேரியில் காலை ரயில் ஏறி, வேலைக்குப் போகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தேன். அவர்கள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். என் விளக்கத்தைப் பொறுமையாகக் கேட்ட ஒரு வெல்டர், சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே பதில் சொன்னார்.

"கவர்மென்ட்டு வாயில போனத கைய உட்டு எடுக்கச் சொல்றியா பாய்? கடிச்சிடும்."

அடுத்த ஸ்டேஷனான அனுப்பம்பட்டு வருவதற்குள் அந்தப் பெட்டியில் என் வியாபாரம் முடிந்துவிட்டது.

ஒரே ஒருவர்மீதுதான் எனக்கு நம்பிக்கை இருந்தது. ஏரிக்குள் தீவாக இருக்கிற பசியாவரத்துக்காரர், தேசப்பன் என்று பெயர், எண்ணூரில் பிட்டர். பொன்னேரி ஸ்டேஷன் வாசலில் அவர் ஒரு மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு வருவதை என் கண்ணாலேயே பார்த்திருந்தேன். ஓவர்டைமும் உண்டு, சொந்த வண்டியும் உண்டு. சட்டப் புத்தகத்தில் உதாரணம் காட்டவே பிறந்த மனிதர். விஷயத்தைச் சொன்னதும் என்னைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார்.

"சின்ன பாய், உன் கால்ல உழுறேன். இன்னா வேணா பண்ணிக்க. இத்த மட்டும் வூட்டாண்ட வந்து பேசாத."

கூச்ச சுபாவம் என்று எடுத்துக்கொண்டேன். கூச்சப்படுகிறவர்களுக்கு நாம்தான் நாலு பேர் முன்னிலையில் எடுத்துச் சொல்லித் தைரியம் கொடுக்க வேண்டும். (இப்படி யார் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள் என்று இன்றுவரை தெரியவில்லை.) கம்பெனிக்கு லீவான ஞாயிற்றுக்கிழமையில் பசியாவரத்துக்கே போய்விடுவதென்று தீர்மானித்தேன்.

தகரக்கடையில் சொல்லி வாயில் வைத்துக் கத்துவதற்கு ஒரு தகரக் குழல் செய்துகொண்டேன். பொன்னேரி அச்சகத்தில் ரோஸ் கலரில் நோட்டீஸ் அடித்தேன். 'நீங்கள் கட்டிய வரி உங்கள் கைக்கே திரும்பி வரும்' என்பது என் சொந்த வாசகம். எழுதி முடித்து நானே பலமுறை படித்து ரசித்தேன்.

கிளம்பும்போது வாப்பா ஒன்று மட்டும் சொன்னார். "பசியாவரம் பூரா நம்ம கடையிலதான் நூல் எடுக்குது. வம்ப வாங்கிக்கினு வராத."

கோவிந்தன் என்பவரின் படகில் போய்த் தீவில் இறங்கினேன். வலைகளை மணலில் பரப்பி ஓட்டை அடைத்துக்கொண்டிருந்த ஆட்களுக்கு நடுவே நின்று, தகரக் குழலை வாயில் வைத்தேன்.

"பெரியோர்களே, தாய்மார்களே, நீங்கள் கட்டிய வரி உங்கள் கைக்கே திரும்பி வரும்."

என் வாழ்நாளில் எந்தப் பேச்சுக்கும் அப்படியொரு வரவேற்பு கிடைத்ததில்லை. வலையை அப்படியே போட்டுவிட்டு எழுந்து வந்தார்கள். வீடுகளிலிருந்து பெண்கள் ஈரக் கையோடு ஓடி வந்தார்கள். ஏரியில் கையால் இறாலும் நண்டும் பிடிக்கிற ஒரு பெண் கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வந்து கேட்டார்.

"நண்டு புடிக்கிறவங்களுக்கும் உண்டா பாய்?"

"வரி கட்டின எல்லாருக்கும் உண்டு அக்கா" என்றேன்.

அந்த ஊரில் வரி என்றால் ஒன்றே ஒன்றுதான். ஊர் வரி. அம்மன் திருவிழாவுக்காக வீட்டுக்கு வீடு தலைக்கட்டு வைத்து வசூலிக்கிற பணம். அந்த வாரம்தான் வசூல் முடிந்திருந்தது. நாடகக் கம்பெனிக்கு முன்பணமும் கொடுத்தாகிவிட்டது. இதெல்லாம் எனக்குத் தெரியாது. வருமான வரிச் சட்டத்தில் ஊர் வரியைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

என் நோட்டீஸ் போன வேகத்தில் ஒரு செய்தியும் போனது. ஊர் வரியைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி கவர்மென்ட்டே ஆள் அனுப்பியிருக்கிறது என்று. கூட்டம் என்னை விட்டுவிட்டுக் கோயிலுக்குப் போய்ப் பணத்தைக் கேட்டது. சற்று நேரத்தில் நானும் கோயிலில் இருந்தேன். நடந்து போனேன் என்று சொல்ல முடியாது. இரண்டு பக்கமும் ஆள் பிடித்திருந்தது.

ஊர்ப் பெரியவர் தணிகாசலம் கோயில் வாசலில் உட்கார்ந்திருந்தார். ரோஸ் நோட்டீசைத் தலைகீழாகவும் நேராகவும் திருப்பிப் பார்த்தார்.

"வலைநூல் பாய் புள்ளதான நீ?"

"ஆமாங்க."

"எங்க அம்மனுக்குக் குடுத்தத திருப்பித் தர்றதுக்கு உனுக்கு இன்னா அதிகாரம் கீது?"

கோபமாகக் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. சாவகாசமாகக் கேட்டார். என்னைச் சுற்றி நின்றவர்கள் எல்லாருமே எங்கள் கடையில் நூல் வாங்குகிறவர்கள் என்பது அப்போதுதான் ஒவ்வொரு முகமாக எனக்குத் தெரிந்தது. ஊரே கடையை மாற்றிக்கொண்டால் வாப்பா என்ன செய்வார்? அது தீவு வேறு. ஓடலாம் என்றால் தண்ணீரில்தான் ஓட வேண்டும். கோவிந்தனைத் தேடினேன். அவர் வரியைத் திரும்ப வாங்குகிற கூட்டத்தில் முன்வரிசையில் நின்றிருந்தார்.

உயிர் தப்பினால் போதும் என்று விளக்க ஆரம்பித்தேன்.

"ஐயா, இது ஊர் வரி இல்ல. அத யாரும் திருப்பித் தர முடியாது. இது கம்பெனி சம்பளத்துல கவர்மென்ட்டு புடிக்கிற வரி. மீன் புடிக்கிறவங்களுக்குச் சம்பந்தமே இல்ல."

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. தணிகாசலத்தின் முகம் இளகியது. நான் அங்கேயே கும்பிட்டுவிட்டுப் படகேறியிருக்கலாம். இன்றைக்கு அந்த ஊர் என்னை மறந்தே போயிருக்கும்.

"அப்போ நம்மூர்ல யாருக்குதான் கீது அது?" என்று அவர் கேட்டார்.

இவ்வளவு நேரம் எதிரியாக நின்றவர் வாடிக்கையாளர் மாதிரி ஒரு கேள்வி கேட்டதும் எனக்குள் இருந்த ரீபண்டு சர்வீஸ் எழுந்து உட்கார்ந்தது.

"ஓவர்டைம் செஞ்சு நல்லா சம்பாதிக்கிறவங்களுக்குத்தான் வரியே புடிப்பாங்க. நம்ம தேசப்பண்ணன எடுத்துக்குங்க—"

கூட்டத்தின் பின்னாலிருந்து யாரோ இருமினார்கள். தேசப்பன்தான். நான் அவரைப் பார்த்துப் புன்னகைத்தேன். அவர் திரும்பவும் இருமினார்.

"ஓவர்டைமுக்குத் துட்டு தருவாங்களா?" என்று ஒரு பெண் கேட்டார். அவர்தான் தேசப்பனின் மனைவி கன்னியம்மா என்பது எனக்குத் தெரியாது.

"சும்மாவா செய்வாங்க? ரெட்டிப்பா தருவாங்க அக்கா."

"சும்மாதான் வேல வாங்குறாங்கன்னாரே." கன்னியம்மாவின் குரல் இன்னும் சந்தேகமாகத்தான் இருந்தது. "இந்த மனுசன் ஒடம்பு இன்னாத்துக்காவும்னு தெனம் முட்ட அவிச்சு குடுத்தனுப்புறேன். அந்தக் கம்பெனிக்காரன் நாசமாப் போவணும்னு ஆடிக்கு ஆடி அம்மனுக்குக் கூழு ஊத்துறேன்."

புத்தியுள்ளவன் அந்த இடத்தில் மயங்கியாவது விழுந்திருப்பான். நானோ, அந்த அம்மாவுக்கு நல்ல செய்தி ஒன்று பாக்கி இருக்கிறதே என்று நினைத்தேன்.

"கவலப்படாதீங்க அக்கா. அவருக்குத்தான் எல்லாரையும் விட லாபம். சொந்தமா மோட்டார் சைக்கிள் வெச்சிருக்காரு பாருங்க, அதுக்குத் தனியா கழிவு உண்டு."

தேசப்பன் இருமுவதை நிறுத்திவிட்டார்.

தணிகாசலம்தான் முதலில் வாயைத் திறந்தார். ஊர்ப் பெரியவர் அல்லவா, காரியத்தில் கண்ணாக இருந்தார். "ஓவர்டைம் வாங்குறவனுக்கு இனிமே ஊர் வரி ரெட்டிப்பு. எழுதிக்குங்கடா."

ஆக, வரியைத் திருப்பிக் கொடுக்கப் போன நான் அதை இரட்டிப்பாக்கிவிட்டுத் திரும்பினேன். தனியாகவும் திரும்பவில்லை. அந்த வண்டியை இப்பவே பார்க்க வேண்டும் என்று கன்னியம்மா படகில் ஏறிவிட்டார். தேசப்பனும் ஏறினார். நான் ஒரு பலகையில், எதிர்ப் பலகையில் அவர், நடுவில் அந்த அம்மா. எதிர்க்காற்று வேறு. கோவிந்தன் மெதுவாகக் கழியை ஊன்றிக்கொண்டு வந்தார். பாதி ஏரி வந்துவிட்டது.

"இன்னா கலரு?" என்று கன்னியம்மா கேட்டார்.

"செவப்பு" என்றார் தேசப்பன்.

என்னைப் பொறுத்தவரை, படகிலிருந்து இறங்கியதும் ஏதாவது சந்துக்குள் புகுந்து மறைந்துவிடுவதாகத் திட்டம். ஆனால் தேசப்பன் முன்னால் நடக்க, கன்னியம்மா பின்னால் நடக்க, நாங்கள் போய் நின்ற இடம் எங்கள் கடை.

வாப்பா தராசிலிருந்து நிமிர்ந்தார். "வாம்மா கன்னியம்மா. நூலா?"

"இல்ல பெரிய பாய். வண்டி."

வாப்பா தேசப்பனைப் பார்த்தார். தேசப்பன் என்னைப் பார்த்தார். பிறகு வாப்பா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் எழுதிக் காட்டப் போவதில்லை. சாவியை எடுத்துக்கொண்டு போய்ப் பின்கட்டுக் கிடங்கைத் திறந்தார். நூல் சிப்பங்களை விலக்கி, ஒரு பழைய வலையை உருவினார். உள்ளே சிவப்பாக நின்றது. நான் மண்ணடியில் சட்டம் படித்துக்கொண்டிருந்த காலத்திலிருந்து அது அங்கேதான் தூங்கி எழுந்துகொண்டிருக்கிறது. காலையில் தேசப்பன் எடுத்துக்கொண்டு பொன்னேரி போவார், சாயங்காலம் கொண்டுவந்து விடுவார்.

"பெரிய பாய், நீங்களுமா?"

வாப்பா அப்படித் தடுமாறி நான் பார்த்ததில்லை. "உனக்கு ஆச்சரியமா காட்டணும்னு சொன்னாம்மா. அதான் எடம் குடுத்தேன்."

"எத்தினி வருசமா ஆச்சரியம்?"

தேசப்பன் தலையைக் குனிந்தபடி, "சின்ன வயசுலேர்ந்து ஆச, கன்னியம்மா" என்றார். "சொன்னா வேணாம்னுடுவ."

கன்னியம்மா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். விரலால் டாங்க்கைத் தொட்டுப் பார்த்தார். அழப் போகிறாரோ என்று பயந்தேன். அவரோ புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பின் சீட்டில் ஒருபக்கமாக ஏறி உட்கார்ந்தார்.

"எடு."

பழவேற்காடு கடைத்தெரு முழுக்கப் பார்க்க, தேசப்பன் தன் மனைவியை உட்கார வைத்து ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு வந்தார். இறங்கியதும் அந்த அம்மா தீர்ப்புச் சொன்னார்: "நாளையிலேர்ந்து மீன் கூடைய பஸ்ல ஏத்தச் சொல்லி கண்டக்டராண்ட கெஞ்ச வேணாம். ஓவர்டைம வூட்டுல போயி பேசிக்கலாம்."

அன்று முதல் தேசப்பன் கூடையும் மனைவியுமாகப் பொன்னேரி மார்க்கெட்டுக்குப் போய், இறக்கிவிட்டு ரயில் பிடித்தார். மீன் வாடையால் கம்பெனியில் அவர் பக்கத்தில் நின்று வேலை செய்ய ஆட்கள் தயங்கியதாகக் கேள்வி. என்னோடு அவர் வெகுநாள் பேசவில்லை. வாப்பா பலகையைக் கழற்றி உள்ளே போட்டுவிட்டுத் தராசைக் காட்டினார். உட்கார்ந்தேன்.

அந்த மாதக் கடைசியில் ஒரு பெண் வந்தார். பக்கத்துத் தோணிரேவு ஊர்க்காரர். நூல் கேட்கவில்லை. முந்தானையிலிருந்து நாலாக மடித்த சம்பளச் சீட்டு ஒன்றை எடுத்துத் தராசுத் தட்டில் வைத்தார்.

"தொவைக்கும்போது சட்டப் பையில இருந்துச்சு. இதுல இன்னா எழுதிக்கீதுன்னு படிச்சு சொல்லு தம்பி. அப்பால அந்த வரிய வாங்கிக்கலாம்."

அவரைத் தொடர்ந்து வேறு ஊர்களிலிருந்தும் வந்தார்கள். எல்லாரும் பெண்கள். ரீபண்டு சர்வீஸ் என்ற பெயரில் நான் பிற்பாடு பல வருஷம் பிழைத்தது அவர்களால்தான். திரும்பி வந்த வரி எதுவும் கட்டிய ஆளின் கைக்குப் போனதாக எனக்கு நினைவில்லை. பஸ்ஸில் என்னைக் கண்டால் பிட்டர்களும் வெல்டர்களும் தங்களையறியாமல் சட்டைப் பையை மூடிக்கொள்வார்கள்.

எனக்குப் பெண் பார்த்தபோது, பெண் வீட்டார் என் வருமானத்தைப் பற்றி யாரிடமும் விசாரிக்கவில்லை. மாமியார் சொன்ன ஒரே காரணம்: "அந்தப் புள்ள எதையும் மறைக்காது. மறைக்கத் தெரியாது."

இன்றும் எங்கள் வீட்டில் யாராவது எதையாவது ரகசியமாக வாங்கினால் நான் இருக்கும் அறையில் பேச்சு நின்றுவிடும். போன மாதம் என் மருமகன் மகளுக்குத் தெரியாமல் ஏதோ வாங்கியிருக்கிறார். தற்செயலாக நான் பார்த்துவிட்டேன். மனிதர் வெளிறிப் போய், கதவைச் சாத்திவிட்டு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"மாமா, சத்தியமா சொல்றேன். இதுக்குக் கழிவு எதுவும் கிடையாது."