டீயோடு விழுங்கிய இரும்பு

முனைவர் பட்டம் வாங்கியவர்களிடம் எதைப் பற்றி வேண்டுமானாலும் யோசனை கேளுங்கள், அவர்கள் பட்டம் வாங்கிய விஷயத்தைத் தவிர. அனுபவத்தில் சொல்கிறேன். நான் இரும்பில் டாக்டர். (கம்பி, ஆணி எல்லாம் இல்லை. பூஞ்சை தின்கிற இரும்பு.)

பூஞ்சைக்கும் உயிர்வாழ இரும்பு வேண்டும், ஆனால் அது லேசில் சிக்காது. அதனால் பூஞ்சை கொக்கி மாதிரி ஒரு பொருளைச் செய்து வெளியே அனுப்பும். அது இரும்பைக் கவ்விக்கொண்டு வந்ததும், உள்ளே ஓர் என்சைம் கொக்கியை வெட்டி இரும்பை விடுவிக்கும். அந்த என்சைம் இல்லையென்றால் இரும்பு வீட்டுக்குள் வந்தும் பயனில்லை, பூஞ்சை வாடிப்போகும். இந்த நாலு வரியைச் சொல்ல எனக்கு ஆறு வருஷம் ஆயிற்று.

அந்த ஆறு வருஷமும் கண்ணாடிச் சாமான்களை ஆசிட்டில் ஊறவைத்து, துளி இரும்புகூட ஒட்டாமல் கழுவித் தந்தவர் எங்கள் ஆய்வக உதவியாளர் ஃபாத்திமா அக்கா. முதலியார்பேட்டையிலிருந்து சைக்கிளில் வருவார். ஒருநாள் என் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார்.

"இன்னா பாப்பா, கண்ணுல ரத்தமே இல்ல? டாக்டர்கிட்ட போ."

போனேன். ரத்தசோகை, மூன்று மாதத்துக்கு இரும்பு மாத்திரை. நான் அதைக் காலையும் மாலையும் கேண்டீன் டீயோடு விழுங்கினேன். சும்மா டீ இல்லை, கரண்டி நிற்கிற அளவு ஸ்ட்ராங்.

"மாத்திரையத் தண்ணில போடும்மா. டீல போட்டா ஒடம்புல சேராதுன்னு நர்ஸம்மா சொல்லிச்சு" என்றார் அக்கா.

"அக்கா, இரும்பப் பத்தி எனக்கா சொல்றீங்க?"

(எழுதும்போதே கன்னத்தில் போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது.)

வாய்மொழித் தேர்வு ஒரு வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமைக்குள் தேர்ச்சிக் கடிதத்தோடு வந்தால் விரிவுரையாளர் வேலை, இல்லையென்றால் அடுத்த ஆளுக்கு என்று ஒரு கல்லூரியில் கறாராகச் சொல்லியிருந்தார்கள். தேர்வாளர் வெளியூர்ப் பேராசிரியை, சிரிப்புக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. அன்று மாலை ரயிலில் அவர் கிளம்பிவிட்டால் மறுபடி தேதி கிடைக்க மாதக்கணக்காகும். பயத்தில் எனக்கு இட்லி இறங்கவில்லை. இரண்டு டீ மட்டும் இறங்கியது.

மேடையில் பிரமாதமாகத்தான் பேசினேன். "இரும்பு எட்டாத பூஞ்சை முதலில் வெளிறும், பிறகு சோரும், கடைசியில்..." என்றேன். கடைசியில் என்ன ஆகும் என்று நான் சொல்லவில்லை. அப்படியே சரிந்துவிட்டேன். செய்முறை விளக்கம் என்று நினைத்துப் பின்வரிசையில் இரண்டு பேர் கைதட்டினார்களாம்.

முதலில் ஓடி வந்தவர் அக்கா. என் நெறியாளரைப் பார்த்து, "யா அல்லா! நான் கண்ணாடிலேர்ந்து மட்டுந்தான் இரும்பக் கழுவுனேன் சார், இந்தப் பொண்ணத் தொடவே இல்ல!" என்றாராம்.

கண் விழித்தபோது கதிர்காமம் ஆஸ்பத்திரியில் இருந்தேன், கையில் குளுக்கோஸ். தலைமாட்டில் அக்கா, கால்மாட்டில் என் நெறியாளர் சார், நடுவில் அந்தப் பேராசிரியை. வேலை போச்சு என்று நான் விசும்ப ஆரம்பித்தேன்.

"எதுக்கு அழறே? பேசி முடிச்சுட்டே, கேள்விதான் பாக்கி. இங்கேயே கேக்கறேன்" என்றார் பேராசிரியை.

"பொதுமக்கள் முன்னாடி நடக்கணும்னு விதி இருக்கே மேடம்" என்று சார் இழுத்தார்.

மேடம் வார்டைச் சுற்றிக் கண்ணை ஓட்டினார். "இவங்கள்லாம் யாரு?"

சார் கையிலிருந்த தேர்வு வருகைத்தாளை வாங்கி, அக்கா நாலு கட்டிலுக்கும் போய்க் கையெழுத்து வாங்கி வந்தார்.

"மாத்திரையை எதோட போட்டே?" இதுதான் முதல் கேள்வி. (அக்கா எல்லாவற்றையும் ஒப்பித்திருக்கிறார்.)

"டீயோட, மேடம்."

"டீ என்ன செய்யும்?"

"அதுல இருக்கற டானின் இரும்பைப் பிடிச்சுக்கும்."

"பூஞ்சையோட கொக்கியும்தான் பிடிக்குது. அதுக்கு மட்டும் எப்படி இரும்பு கிடைக்குது?"

"அது வெட்டி விடுவிக்க என்சைம் வெச்சிருக்கு மேடம். டானினை வெட்ட என் வயித்துல ஒண்ணும் இல்ல."

"இது உனக்கு முன்னாடியே தெரியாதா?"

"அக்கா சொன்னாங்க. நான்தான் கேக்கல."

மேடம் முதல்முறையாகச் சிரித்தார். பக்கத்துக் கட்டிலில் மனைவிக்குத் துணையிருந்த பிரெஞ்சு அரசின் பென்ஷன் வாங்கும் பெரியவர் "பிராவோ!" என்று கைதட்டினார், இந்த முறை விஷயம் தெரிந்தே. மேடம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அறிக்கை எழுதினார். தேர்ச்சி. ஒரே ஒரு திருத்தம்: "நன்றியுரையில் ஒரு முக்கியமான பெயர் விடுபட்டுள்ளது."

நெறியாளர், நண்பர்கள், நுண்ணோக்கி என்று எல்லாவற்றுக்கும் நன்றி சொல்லியிருந்தேன். ஆறு வருஷம் எனக்காகக் கை வெந்தவரின் பெயர் இல்லை. மயங்கி விழுந்ததைவிட அதுதான் எனக்குப் பெரிய அவமானம். சனிக்கிழமையே திருத்தி அச்சடித்தேன், முதல் பெயராக. திங்கட்கிழமை வேலையில் சேர்ந்தேன். அந்த அறிக்கையை எழுதிய கைக்கும், அந்த ஃபிளாஸ்குகளைக் கழுவிய கைக்கும் நான் இன்றும் கடன்பட்டவள்.

இப்போதும் நான் டீ டம்ளரைத் தொட்டால் போதும், "என்சைம் இருக்கா?" என்பார் என் கணவர். போன மாதம் பள்ளியில் கொடுத்த இரும்பு மாத்திரையோடு மகள் வந்தாள். நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "கண்ணு, இந்த இரும்பு இருக்கே..." என்று தொடங்கினேன்.

"நீ சும்மா இரும்மா. ஃபாத்திமா பெரிம்மாவக் கேட்டுக்கறேன்" என்று போனை எடுத்தாள்.

நான் தண்ணீர் எடுத்துவரப் போனேன்.