மூன்றாவது கை

"உங்க பாட்டுக்கு மூணு கை வேணும்மா," என்றார் போனில் சாமுவேல்.

அம்சவேணிக்கு இது குறையாகவே படவில்லை. "பாட்டு நல்லாயிருக்குதா சார்?" என்று கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்குது. எனக்கு ரெண்டு கைதான் இருக்குது."

சாமுவேல் சென்னையில் ஒரு பழைய தேவாலயத்தில் குழாய்களில் காற்று ஊதி ஒலிக்கும் பைப் ஆர்கன் வாசிப்பவர். அம்சவேணி காஞ்சிபுரத்தில் பட்டுப் புடவைக்கு டிசைன் போடுகிறவள். டிசைன் போடும் கம்ப்யூட்டரிலேயே இலவசமாகக் கிடைத்த ஒரு சாஃப்ட்வேரை இறக்கி, வெளிநாட்டு ஆர்கன் ஒன்றின் ஒலிகளை வைத்து இசை எழுதப் பழகியிருந்தாள். திரையில் கட்டம் கட்டமாகச் சுரங்களை நிரப்புவது அவளுக்குப் பெரிய காரியமா என்ன? மயிலும் யாளியும் போட்டுத் தள்ளிய கை. எத்தனை சுரம் கொடுத்தாலும் கம்ப்யூட்டர் முனகாமல் வாசித்தது. மனிதருக்குக் கை எத்தனை என்கிற யோசனையே அவளுக்கு வரவில்லை.

தேவாலயத்தின் ஆண்டுவிழாவுக்குப் புதிய இசை வேண்டும் என்ற அறிவிப்பைப் பார்த்து, எழுதிய இசையையும் கம்ப்யூட்டர் வாசித்த ஆடியோவையும் அனுப்பினாள். தேர்வாகிவிட்டது. அன்றிலிருந்து அவளுக்கு ஒரே ஆசைதான். தன் இசை நிஜக் குழாயில், நிஜக் காற்றில் ஒரு தடவையாவது ஒலிக்க வேண்டும். ஸ்பீக்கரில் கேட்பதெல்லாம் டூப்ளிகேட் ஜரிகை என்று தெருவில் கண்டவரிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

"ஆர்கன்ல காலுக்கும் கட்டை இருக்குதில்ல சார்? மூணாவது கையைக் காலுக்குக் குடுத்துடறேன்," என்றாள்.

கொடுத்தாள். சாமுவேல் மறுபடி கூப்பிட்டார்.

"ஏம்மா, நான் ஆர்கன் வாசிக்கணுமா, சைக்கிள் ஓட்டணுமா?"

"எங்க வீட்டுக்காரர் நாள் பூரா தறியில மிதிச்சிக்கினுதான் இருக்காரு சார். ஒரு வார்த்தை சொன்னதில்ல."

"யாரு சொன்னா?" என்றான் தறிக்குழியிலிருந்து அவள் கணவன் தர்மன்.

"அவரை யாரும் வேடிக்கை பாக்கறதில்லம்மா," என்றார் சாமுவேல். "இங்க மொத்த சபையும் என் கையையும் காலையும்தான் பாத்துக்கினு இருக்கும்."

அதிலும் நியாயம் இருந்தது. அம்சவேணி காலின் ஓட்டத்தை வெட்டினாள். அதை வெட்டியதும் மேலே போன மெட்டு அந்தரத்தில் தொங்கியது. அதையும் வெட்டினாள். வேகத்தைக் குறைத்து ஒட்டுப்போட்டு அனுப்பினாள்.

அடுத்த போன் வந்தபோது அவள் தறியில் தர்மனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கோர்வைப் புடவை ஓடிக்கொண்டிருந்தது. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம் என்பதால் அதற்கு ஒரு தறியில் இரண்டு பேர் வேண்டும். அவன் நெய்ய, கரை நூல் ஓடும் நாடாவைத் தள்ளுவது அவள் வேலை. போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டாள்.

"இப்ப தாராளமா வாசிக்கலாம்மா," என்றார் சாமுவேல். "ஆனா ஆண்டுவிழாவுல இல்ல, அடக்க ஆராதனையில."

"யாரு செத்தாங்க?" என்று கேட்டான் தர்மன்.

அம்சவேணிக்கு முதல் தடவையாகத் துக்கம் வந்தது. பெற்ற பாட்டைத் தானே கத்தரித்துக் கொன்றுவிட்டோமே என்றிருந்தது. நாடாவைத் தள்ளினாள். தள்ளிய கையைப் பார்த்தாள். அடுத்த நொடி துக்கம் போன இடம் தெரியவில்லை.

"சார், மொதல்ல அனுப்புனதையே வெச்சிக்குங்க. நான் வந்து உங்க பக்கத்துல உக்காந்துக்கறேன். மூணாவது கை நான்தான். ஒரு தறிக்கு ரெண்டு பேர், எங்க ஊர்ல இது சகஜம்."

மறுமுனையில் சாமுவேல் அவசரமாகக் காரணம் தேடினார்.

"பெஞ்சு ரொம்ப சின்னதும்மா."

"நானும் ஒல்லிதான் சார்."

"கட்டையெல்லாம் பழசும்மா. விரல் நோவும்."

"சிக்கு விழுந்த பாவு நூலைப் பிரிச்ச விரல் சார் இது."

"எதுக்கும்மா உங்களுக்கு இந்த சிரமம்?" என்று கெஞ்சினார் சாமுவேல். சிரமமே இல்லை என்று அவள் அடித்துச் சொன்னாள். கடைசியில் அவர் பெருமூச்சு விட்டார். "சரி, வாங்க. ஆனா பட்டும் படாம தொட்டா போதும். அழுத்தவே வேணாம்."

விழா அன்று அரக்கு நிறக் கோர்வைப் புடவையில் அம்சவேணி பெஞ்சில் உட்கார்ந்தாள். எதிரே கூரையைத் தொட்டு நின்றன குழாய்கள். சாமுவேலுக்கு முகமெல்லாம் வேர்த்திருந்தது. பாவம், பெரிய இசை என்றால் பயம் வரத்தான் செய்யும் என்று அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

முதல் சுரத்திலேயே தரை அதிர்ந்தது. அவள் எழுதிய ஒவ்வொரு இழையும் தனித்தனியாய்க் கேட்டது. கண் நிறைந்துபோய் ஓர் இடத்தில் கட்டையைத் தொட மறந்தேவிட்டாள். ஆனாலும் அந்தச் சுரம் அச்சாக வந்து விழுந்தது. இன்னோர் இடத்தில் விரலை எடுக்க மறந்தாள், அது தானாக அடங்கியது. என்ன இருந்தாலும் காலங்காலமாய் வாசித்துப் பழகிய வாத்தியம் அல்லவா என்று அவள் மனசு உருகியது.

கைதட்டல் ஓயவே இல்லை. கூட்டம் கலைந்ததும் தர்மனை இழுத்து வந்து குழாய்களுக்கு முன் நிறுத்தினாள்.

"பாத்தீங்களா, இதுக்குப் பேர்தான் நிஜக் காத்து. நானே தப்பு பண்ணாலும் அது தப்பு பண்ணல. கம்ப்யூட்டர் சத்தத்துல இந்த உயிர் வருமா சொல்லுங்க."

"எனக்கு வீட்ல கேட்ட மாதிரியேதான் இருந்துச்சு," என்றான் தர்மன்.

"உங்களுக்குக் காது அவ்ளோதான்."

குழாய்களுக்குப் பின்னாலிருந்து ஒயரைச் சுருட்டிக்கொண்டே வெளியே வந்தார் மைக்செட்காரர் சிட்டிபாபு.

"அக்கா, இந்தக் குழாய்ங்க ஊதி எத்தினியோ வருஷமாவுது. நீங்க மொதல்ல அனுப்புனீங்களே ஆடியோ, அதத்தான் பின்னால ஸ்பீக்கர்ல போட்டேன். சாரும் உங்கள மாதிரியேதான், சும்மா கைய வெச்சிக்கினு உக்காந்திருந்தாரு."