மூன்றாவது பலகை

ஃபிஜித் தீவில் பொய்யை நட்டு விளைச்சல் எடுத்த ஒரே விவசாயி எங்கள் பலகைக்காரர்தான்.

ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு இந்திய வம்சாவளிக்காரர்களான எங்கள் ஊரே வெளிநாட்டுக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்த சமயம். கரும்பை மட்டும் நம்பியிருந்த சிறு விவசாயிகளைக் கலப்புப் பண்ணைக்குத் திருப்ப, விவசாயிகள் சங்கம், ஒரு சர்ச் குழு, வேளாண் அலுவலகம் மூன்றும் கைகோத்தன. கரும்போடு பயறு, கத்தரி, வாத்து, ஆடு வளர்க்க வேண்டும் என்பது திட்டம். புலிலேகாவில் நான் சங்கத்து கிளார்க். கொஞ்சம் கரும்பும் வைத்திருந்தேன். சேர்ந்து வேலை செய்கிறோம் என்று மூவரும் சொல்லிக்கொண்டார்களே தவிர, எந்தப் பண்ணைக்குப் போகிறோம் என்று ஒருவருக்கொருவர் மூச்சு விடவில்லை. மூவரும் பலகைக்காரருடைய நாலு ஏக்கரையே மாதிரிப் பண்ணையாகத் தேர்ந்தெடுத்து, ஆளுக்கொரு பெயர்ப்பலகை கொடுத்துவிட்டுப் போனார்கள்.

யார் வருகிறார்களோ அவர்கள் பலகையை நடுவார். மற்ற இரண்டும் வாத்துக் கூண்டின் மேல் கூரையாகக் கிடக்கும். எங்கள் பேச்செல்லாம் ஃபிஜி இந்தியில்தான். ரகசியம் என்றால் மட்டும் அவருக்குத் தமிழ் வரும்.

"தம்பி, வாயத் தொறக்காத. மூணு எடத்து வெதையும் வரட்டும்."

"ஒங்களுக்கு எதுக்குண்ணே இவ்ளோ?"

"எனக்கா? கேங்குக்குடா."

முறைவைத்து ஒவ்வொருவர் கரும்பையும் எல்லோருமாகச் சேர்ந்து வெட்டும் குழுதான் கேங். எங்கள் கேங்கில் பத்துப் பேர். ஐந்து பேர் ஆஸ்திரேலியா, கனடா என்று போய்விட்டார்கள். இன்னும் மூவர் விசாவுக்கு எழுதிப் போட்டிருந்தார்கள். அதில் நானும் ஒருவன் என்று அவரிடம் சொல்லவில்லை. மூவரும் போனால் மிச்சம் இரண்டு பேர் எவ்வளவு கரும்பைத்தான் வெட்டுவார்கள்? வாராவாரம் லம்பாசா மார்க்கெட்டில் விற்க ஏதாவது இருந்தால் யாரும் போகமாட்டார்கள் என்பது அவர் நம்பிக்கை.

ஒருநாள் மூன்று அமைப்பும் ஒரே வேனில் வருவதாகச் செய்தி வந்தது. ஓடிப்போய் அவரிடம் சொன்னேன். அவர் அசரவில்லை. தன் நிலத்தில் ஒரு பலகையும் வைக்காமல், போகவிருந்த மூவர் நிலத்திலும் ஆளுக்கொன்றாக நட்டுவிட்டார்.

முதல் பலகை முன்னால் வேன் நின்றது. சர்ச் அதிகாரி தன் பலகையைப் பார்த்தார், அதற்குப் பின்னால் வெறும் கரும்பைப் பார்த்தார். தன் பலகை அங்கே வந்தது தனக்கே தெரியாது என்று மற்றவர்கள் முன்னால் எப்படிச் சொல்வது? "இங்க இப்பதான் ஆரம்பிக்கிறோம்" என்றார். அடுத்த பலகையில் வேளாண் அதிகாரியும் அதையே சொன்னார்.

மூன்றாவது பலகை என் நிலத்தில் நின்றது. சங்கத்துப் பலகை. எங்கள் செயலாளர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நம்ம கிளார்க்கையே முதல்ல எறக்கியிருக்கோம்" என்று பெருமையாகச் சொன்னார்.

பலகைக்காரர் என் காதோரம் தமிழுக்கு மாறினார். "எனக்குத் தெரியும்டா. போவாத."

மறுவாரமே மூன்று வீட்டிலும் விதையும் வாத்துக்குஞ்சும் வந்து இறங்கின. மற்ற இருவரும் தங்கினார்கள். நான் பிரிஸ்பேனுக்கு வந்துவிட்டேன்.

என் நிலத்தையும் இப்போது அவர்தான் பார்க்கிறார். வெட்டு தொடங்கும்போதெல்லாம் போன் செய்து வாத்துக்கணக்கு, மழைக்கணக்கு எல்லாம் இந்தியில் சொல்வார். பிறகு குரல் தாழும்.

"ஒன் நெலத்துப் பலகைய மட்டும் நான் இன்னும் புடுங்கலடா."

எனக்காக வேறு யாரும் ஒரு பொய்யை இத்தனை வருஷம் பிரியமாகக் காத்ததில்லை.