முழுத் தட்டுத் தகுதி

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தண்ணீர் மோட்டார் செய்கிற ஒரு கம்பெனி, ஆண்டுதோறும் தான் நடத்தும் பத்து கிலோமீட்டர் ஓட்டத்தில் இனி நீதியை நிலைநாட்டுவது என்று தீர்மானித்தது. அதுவரை அந்த ஓட்டத்தில் யார் முதலில் வந்தாரோ அவரையே முதலாவதாக அறிவித்துக்கொண்டிருந்தார்கள். நிர்வாகம் சற்றுக் கவனக்குறைவாக இருந்த காலம் அது.

அந்த ஆண்டு விழா மேடையில் முதலாளி உணர்ச்சிவசப்பட்டு, ஓட்டத்தில் ஜெயிப்பது ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தால் அவரை நிரந்தரம் செய்வதாகச் சொல்லிவிட்டார். கைதட்டல் அடங்கிய பிறகுதான், அசெம்பிளி பிரிவில் மதுரைவீரன் என்று ஒருவன் இருப்பது மனிதவள மேலாளர் பிராங்குக்கு நினைவு வந்தது.

மதுரைவீரன் ஏழு வருஷமாக ஒப்பந்தத்தில் இருந்தான். பதினோரு மாதத்துக்கு ஒருமுறை அவனை வேலையிலிருந்து நிறுத்துவார்கள். மறுநாளே புதிய ஆளாகச் சேர்த்துக்கொண்டு, வரவேற்பு ரோஜாப்பூ ஒன்றைக் கையில் கொடுப்பார்கள். வீடு நசரத்பேட்டையில். பூந்தமல்லியில் பஸ்ஸைப் பிடிக்க ஓடி ஓடியே அவனுக்கு அந்தக் கால்கள் வந்திருந்தன. நிரந்தரம் என்ற சொல்லைக் கேட்ட நாளிலிருந்து அவன் பஸ் வருவதற்கு முன்பே ஓட ஆரம்பித்தான்.

அதிகாரிகளுக்கும் அப்போது ஓட்டம் பிடித்திருந்தது. கணக்குப் பிரிவு உதயகுமார் பீட்ரூட் பொடி, காபிச் சாரம் கலந்த கூழ்ப் பொட்டலம், சமையல் சோடா அடைத்த மாத்திரை எல்லாவற்றையும் இடுப்புப் பட்டையில் செருகிக்கொண்டு ஓடுவார். ஒவ்வொன்றையும் விழுங்குமுன் "சட்டப்படி அனுமதிக்கப்பட்டது" என்று சொல்லிக்கொள்வார். சாப்பாட்டுக்கு முன்னால் சிலர் கண்ணை மூடிக்கொள்வது போல.

"இந்த சோடா மாத்திரை இன்னா சார் பண்ணும்?" என்று மதுரைவீரன் ஒருநாள் கேட்டான்.

"தசையில அமிலம் சேராம தடுக்கும்."

"எங்க தெருவுல இத்த பஜ்ஜிக்குப் போடுவாங்க சார். நல்லா உப்பும்."

உதயகுமார் இதை ரசிக்கவில்லை. முதல் ஒத்திகை ஓட்டத்தில் மதுரைவீரன் வந்து, முகம் கழுவி, ஒரு டீயும் குடித்த பிறகே அவர் வந்து சேர்ந்தார்.

"இன்னா சார், வாயெல்லாம் செவப்பா கீது? வுழுந்துட்டீங்களா?"

"பீட்ரூட்!" என்றார் உதயகுமார். தான் சட்டப்படி சாப்பிடுவதை மதுரைவீரன் கேலி செய்கிறான் என்று அன்று மாலையே புகார் எழுதினார்.

புகாரை விசாரிக்க சமவாய்ப்புக் குழு அமைக்கப்பட்டது. பிராங்க் தலைவர். பாதுகாப்பு அலுவலர் ஹெலினா செயலாளர். சட்டம் தடுக்காத ஊக்கப் பொருளைச் சாப்பிடுவது நியாயமா என்பதுதான் கேள்வி. சட்டம் தடுக்கவில்லை, ஆகவே நியாயம் என்று குழு டீ வருவதற்குள் கண்டறிந்தது. நியாயமான ஒன்றை ஒருவன் செய்யாமல் இருப்பது நியாயமா என்று அடுத்த கேள்வி தானாக எழுந்தது.

"அவன் எதையும் சாப்பிடாம ஜெயிக்கிறது, சாப்பிடறவங்களைக் குத்திக் காட்டுற மாதிரி இருக்கு," என்றார் உதயகுமார்.

இது ஏற்கப்பட்டது. கம்பெனி செலவில் எல்லோருக்கும் பொடி வழங்கப்பட்டது. மதுரைவீரனும் மறுக்காமல் குடித்தான். அடுத்த ஒத்திகையில் முகம் கழுவி, டீ குடித்து, பேப்பரும் படித்து முடித்தான்.

குழு மறுபடி கூடியது.

"எல்லாருக்கும் ஒரே அளவுதான் கொடுத்தோம்," என்றார் பிராங்க் வருத்தத்துடன். "ஆனா பலன் ஒரே அளவா இல்லையே. இதுக்குப் பேர் சமத்துவமா?"

அதன்படி, மெதுவாக ஓடுகிறவர்களுக்கு அதிகப் பொடியும், வேகமாக ஓடுகிறவர்களுக்குக் குறைவான பொடியும் தருவது, மதுரைவீரனுக்கு ஒன்றும் தருவதில்லை என்று ஆணை பிறந்தது. மெதுவாக ஓடியவர்கள் அதிக சோடாவைச் சாப்பிட்டுவிட்டு வழியில் பெட்ரோல் பங்க் கழிப்பறைகளில் ஒதுங்கினார்கள். மதுரைவீரன் திரும்பவும் முதலில் வந்தான்.

இம்முறை அவனையே குழுவின் முன்னால் அழைத்தார்கள்.

"மதுரைவீரன், உன்கிட்ட அறிவிக்கப்படாத ஊக்கப் பொருள் ஒண்ணு இருக்கு," என்றார் பிராங்க்.

"இல்ல சார். வேணும்னா பையத் தொறந்து பாருங்க."

"பையில இல்ல. உடம்புல. பிறவித் திறமை."

மதுரைவீரன் தன் உடம்பைக் குனிந்து பார்த்துக்கொண்டான்.

"அது வந்து, சார், பஸ்ஸுக்கு ஓடி ஓடி வந்தது. நசரத்பேட்டைல கீறவன் எல்லாம் ஓடுவான்."

"வசிப்பிட அனுகூலம்," என்று ஹெலினா எழுதிக்கொண்டார். பிறகு கவலையுடன் நிமிர்ந்தார். "சார், சமவாய்ப்புன்னா நாம எல்லாரும் நசரத்பேட்டைக்குக் குடி போகணுமா?"

பிராங்குக்கு அது பிடிக்கவில்லை. அவர் வீட்டில் இப்போதுதான் மாடியில் டைல்ஸ் போட்டிருந்தார். ஜன்னல் வழியாக நீண்ட நேரம் கேன்டீன் புகைக்கூண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் மெல்ல ஒரு தெளிவு வந்தது.

"வேகத்தைக் கூட்டற பொருளை சட்டம் அனுமதிக்குது. குறைக்கிற பொருளை எந்த சட்டமும் தடுக்கலையே?" என்றார். பிறகு அவன் பக்கம் திரும்பி மிகவும் கனிவாகக் கேட்டார். "நீ சைவமா, அசைவமா?"

"அசைவம் சார். இன்னா, பார்ட்டியா?"

"பார்ட்டி மாதிரிதான்."

ஓட்டத்துக்கு அரை மணி முன்பு மதுரைவீரன் முழுத் தட்டு மட்டன் பிரியாணியை, கத்திரிக்காய் தொக்குடன், மேற்பார்வையாளர் முன்னிலையில் உட்கொள்ள வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. அன்று இரவு அவனுக்குச் சோறு இறங்கவில்லை. ஏழு ரோஜாப்பூக்களையும் அவன் மனைவி பொன்னியம்மா காயவைத்து சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தாள். "எட்டாவதும் வரும் போல," என்றான் அவளிடம்.

ஆனால் மறுநாளே கம்பெனியில் வேறு விதமாகக் காற்று அடித்தது. பிரியாணி வேகமானவருக்குத்தான் என்றால், பிரியாணி இல்லாதவர் யார்? உதயகுமார் நேராகப் பிராங்கின் அறைக்குப் போனார்.

"சார், ஒரு கான்ட்ராக்ட் ஆளுக்கு முழுத் தட்டு. பன்னெண்டு வருஷம் சர்வீஸ் போட்ட எனக்கு வெறும் பொடியா? அப்ப என் திறமையைக் குறைக்கவே வேண்டாம்னு நினைக்கிறீங்களா?"

நியாயமான வாதம். தர வரிசை தயாரானது. அதிகாரிகளுக்கு முழுத் தட்டு, மேற்பார்வையாளர்களுக்கு அரைத் தட்டு, மற்றவர்களுக்குக் கறி இல்லாத குஸ்கா. மதுரைவீரனுக்கு மட்டும் சுற்றறிக்கைப்படி முழுத் தட்டு, ஆனால் வரிசையில் கடைசியாக. குஸ்கா கிடைத்தவர்கள் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. முழுத் தட்டுக்காரர்கள் மார்பில் அட்டை குத்திக்கொண்டார்கள். பொடி டப்பாக்கள் கழிப்பறைக்குப் போகும் வழியில் அடுக்கப்பட்டன.

ஓட்டத்தன்று விடியும்போதே கேன்டீனில் அண்டா திறக்கப்பட்டது. சமையல்காரர் யூசுப் வரிசைப்படி பரிமாறினார். பதவி இருந்த ஒருவரும் போதும் என்று சொல்லவில்லை. சொன்னால் அது வேகக் குறைவை ஒப்புக்கொள்வதாகும். உதயகுமார் இரண்டாம் முறை தட்டை நீட்டினார். அவரைப் பார்த்துக் குஸ்காக்காரர்கள் வரை எல்லோரும் நீட்டினார்கள்.

மதுரைவீரன் முறை வந்தபோது யூசுப் கரண்டியால் அண்டாவைச் சுரண்டிக் காட்டினார்.

"இல்ல நைனா. காலி. பிரிஞ்சி இலை கீது, வோணுமா?"

மேற்பார்வையாளரும் உண்ட களைப்பில் இருந்ததால் அதைக் கவனிக்கவில்லை. மதுரைவீரன் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் போய் நின்றான்.

கள்ளிக்குப்பம் வரை போய்த் திரும்ப வேண்டும். அவன் திரும்பி வரும்போது எதிரே யாராவது ஓடி வருவார்கள் என்று பார்த்துக்கொண்டே வந்தான். ஒருவரும் வரவில்லை. மரத்தடிகளில் உட்கார்ந்திருந்தார்கள். சிலர் படுத்திருந்தார்கள். ஒருவர் மட்டும் சோடா கேட்டார், குடிக்கிற சோடா. வாசலில் ரிப்பனைப் பிடித்துக்கொண்டு ஹெலினா நின்றார். மறுமுனை கேட்டில் கட்டியிருந்தது. மதுரைவீரன் அதை அறுத்துக்கொண்டு வந்து நின்றான். வெகுநேரம் கழித்து உதயகுமார் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார்.

குழு அங்கேயே கூடியது.

"பிரியாணி சாப்பிட்டியா?" என்றார் பிராங்க்.

"இல்ல சார். அண்டா காலி."

"உன் முழுத் தட்டு எங்க போச்சு?"

மதுரைவீரன் உதயகுமாரின் வயிற்றைப் பார்த்தான். எல்லோரும் பார்த்தார்கள்.

"தகுதி அடிப்படையில வாங்கினேன்," என்றார் உதயகுமார்.

"அப்ப நீ வெறும் வயித்தோட ஓடியிருக்க, மதுரைவீரன். இது மோசடி," என்றார் பிராங்க்.

"சார், ஏழு வருஷம் சார்..." என்றான் மதுரைவீரன்.

ஹெலினா தொண்டையைச் செருமினார். "சார், இவரை நீக்கினா ரெண்டாவதா வந்தவருக்குக் கொடுக்கணும். ரெண்டாவதா யாருமே வரலை. முதலாளி மாலையோட கிளம்பிட்டார், பாடி மேம்பாலத்துல இருக்காராம்."

பிராங்க் கண்ணை மூடித் திறந்தார். "முன்தேதியிட்டு சாப்பிடட்டும்."

பாடியில் ஒரு கடையிலிருந்து பிரியாணிப் பொட்டலம் வந்தது. அதிகாலையில் உண்டதாகக் கருதி, உச்சி வெயிலில், குழு முன்னிலையில் மதுரைவீரன் முழுத் தட்டையும் சாப்பிட்டு முடித்தான். பாதியில் அவன் கண் கலங்கியது. காரம் என்று சொன்னான். முதலாளி மாலை போடும்போது அவன் கை இன்னும் ஈரமாக இருந்தது.

நிரந்தரமான பிறகு அவனுக்கு ரோஜாப்பூ வரவில்லை. கம்பெனி பஸ் வீட்டுக்கு அருகிலேயே நின்றது. உதயகுமார் நட்பாகி ஒரு டப்பா பொடி பரிசளித்தார். சமவாய்ப்புக் குழுவில் தொழிலாளர் பிரதிநிதியாக ஓர் இடமும் கிடைத்தது. அடுத்த ஆண்டு விழா மேடையிலும் முதலாளி உணர்ச்சிவசப்பட்டார். அதே வாக்குறுதிதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதுரைவீரன் வாய் சிவக்கச் சிவக்கக் கள்ளிக்குப்பம் சாலையில் ஓடிக்கொண்டிருந்தான். பின்னாலிருந்து யாரோ வந்து அவனைத் தாண்டிப் போனார்கள். பேக்கிங் பிரிவு பானுப்பிரியா. ஒப்பந்தம். காலில் ரப்பர் செருப்பு. மூச்சுகூட வாங்கவில்லை.

இவ்வளவு பேர் பொடி சாப்பிட்டுக்கொண்டு ஓடும்போது, பொடிக்கு ஒரு மரியாதை இல்லையா என்று அவனுக்குத் தோன்றியது.

"பானு, கொஞ்சம் நில்லும்மா."

அவள் நின்று திரும்பினாள்.

"நீ சைவமா, அசைவமா?"

"அசைவம்ணா. இன்னா, பார்ட்டியா?"

"பார்ட்டி மாதிரிதான்," என்றான் மதுரைவீரன் மிகவும் கனிவாக.