ஆறு அடி ஏழு என்று அச்சிட்டிருந்த என் வீட்டுக்காரர் விஷயமாக

அன்பும் மரியாதையும் நிறைந்த வெர்னிடா பெரியம்மாவுக்கு,

அலபாமாவிலிருந்து உங்கள் ரொஷெல் எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் நானும் டேரியனும் குழந்தை ஓப்பலும் சுகம். டெட்ராய்ட்டில் உங்கள் முழங்காலும், மாடிப்படியும், பக்கத்து வீட்டு நாயும் எப்படி இருக்கின்றன என்று எழுதவும். "போன்ல நீ பாதியை முழுங்கிடுவ, எழுதினாத்தான் உண்மை வரும்" என்று சொல்லி மூன்று கடிதம் போட்டுவிட்டீர்கள். மூன்றிலும் ஒரே கேள்வி: மாப்பிள்ளைக்கு வேலை கிடைத்ததா இல்லையா. பதில் தாமதமானதற்குக் காரணம் ஓப்பலுக்குப் பல் முளைப்பது. அது மட்டுமில்லை. பதில் என்னவென்று எனக்கே தெரியாமல் இருந்தது. இப்போது தெரிந்துவிட்டது, குழந்தையும் அப்பா நெஞ்சில் தூங்குகிறது, ஆகவே முழுவதும் எழுதிவிடுகிறேன்.

பெரியம்மா, இந்தக் கூடைப்பந்துத் தொழிலில் ஒவ்வொருவனுக்கும் காகிதத்தில் ஒரு உயரம், தரையில் ஒரு உயரம். இது எனக்குக் கல்யாணத்துக்கு முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும். கல்லூரியில் சேர்ந்த அன்று பயிற்சியாளர் டேரியனைக் காலணியோடு நிறுத்தி, அப்போது அவனுக்கு இருந்த புதர் மாதிரி முடியையும் சேர்த்து அளந்து, "வளர்ற பையன்தானே" என்று ஒரு அங்குலத்தைக் கூட்டி, ஆறு அடி ஏழு அங்குலம் என்று அச்சிட்டார். நாலு வருடம் எதிரணிக்காரர்கள் அதை நம்பினார்கள், ஊர் நம்பியது, நான் நம்பினேன். ஊர் எல்லையில் பலகையே வைத்தார்கள், ஆறு அடி ஏழு அங்குல டேரியன் பெட்வேயின் ஊர் என்று. ஆனால் பெரிய லீக்கில் அப்படிக் கிடையாது. அங்கே ஒருவனை அணியில் எடுக்கும் முன்னால் காலணியையும் காலுறையையும் கழற்றச் சொல்லிச் சுவரோடு நிறுத்தி அளக்கிறார்கள், பிறகு ஆடவிட்டுப் பார்க்கிறார்கள். ஏப்ரல் மாதம் அவனுடைய முகவர் ட்ரூஸ்டெல் வீட்டுக்கு வந்து, அந்தச் சேதியைச் சொல்லி, சமையலறைச் சுவரில் ஒரு ஒத்திகை பார்த்தார். பார்த்துவிட்டுத் தண்ணீர் கேட்டார்.

"தம்பி, ஆறடி அஞ்சரை அங்குலத்துக்காவது வந்துடு. அதுக்குக் கீழே போனா என்னால எவன்கிட்டயும் பேச முடியாது" என்றார்.

இங்கேதான் நான் படித்த படிப்பு குறுக்கே வந்தது. செவிலியர் படிப்பில் சொல்லிக் கொடுத்திருந்ததை, சும்மா இருக்காமல், நான் எடுத்துவிட்டேன்: மனிதன் படுத்து எழுந்த உடனே கொஞ்சம் உயரமாக இருப்பான், முதுகெலும்பின் நடுவில் உள்ள மெத்தைகள் ராத்திரியில் ஊறிப் பெரிதாகும், நிற்க நிற்க அமுங்கும் என்று. என் மாமியார் ஏர்லீன் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார்.

"அப்போ அன்னிக்கு அவன் நிக்கவே கூடாது" என்றார்.

"அத்தை, அளக்கிறதுக்குப் பர்மிங்ஹாம் போகணுமே. எப்படிப் போறது?"

"படுத்துக்கிட்டே போகட்டும். சபை வேன் இருக்குல்ல."

பெரியம்மா, என் மாமியாரை உங்களுக்குத் தெரியும். கல்யாணத்தில் உங்கள் தொப்பியைவிடத் தன் தொப்பி ஒரு விரல் பெரியதாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தவர். ஞாயிற்றுக்கிழமை வயதானவர்களை ஏற்றி வரும் சபை வேனை ஓட்டுவது அவர்தான், அதுவும் யாருடைய பல்செட்டும் ஆடாத வேகத்தில். அவர் போதகரிடம் சாவியை வாங்கி வந்தார். பின் இருக்கைகளைக் கழற்றி மெத்தை போட்டோம். டேரியன் படுத்தான். வேன் முடிந்த இடத்துக்கு அப்புறமும் டேரியன் இருந்தான். பின்கதவைக் கயிற்றால் கட்டி, இரண்டு பாதங்களையும் வெளியே விட்டோம். தூறல் போட்டதால் மாமியார் சபை விருந்துக்கு விரிக்கும் வெள்ளைத் துணியை எடுத்துத் தலை முதல் கால் வரை போர்த்திவிட்டார். ஆராதனையில் மிஞ்சிய வெள்ளை லில்லிப் பூக்களைப் போகிற வழியில் முதியோர் இல்லத்தில் இறக்க வேண்டியிருந்ததால் அவையும் அவனைச் சுற்றி ஏறின. மழை என்பதால் முன்விளக்கு எரிந்தது. எனக்குப் பால் கொடுக்கத் தோதான உடுப்பு ஒன்றே ஒன்றுதான் துவைத்திருந்தது, அது கறுப்பு. ஓப்பல் பல் வலியில் வழியெல்லாம் அழுதது. நீங்கள் வடக்கே போய் எத்தனையோ வருடமானாலும் இங்கே பிறந்தவர். இதற்குள் உங்களுக்குப் புரிந்திருக்கும். எங்களுக்குப் புரியவில்லை.

எதிரே வந்த முதல் லாரி ஓரங்கட்டி நின்றது. ஓட்டுநர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். அடுத்து ஒரு கார் நின்றது. அப்புறம் ஒரு பள்ளிப் பேருந்து.

"பார்த்தியாடி" என்றார் மாமியார், கழுத்து ஒரு முழம் நீண்டு. "எம்புள்ளைக்கு இந்த மாவட்டமே வழி விடுது."

எனக்கும் கண் கலங்கிவிட்டது, பெரியம்மா. பந்து விளையாடுகிறவனுக்கு இவ்வளவு மரியாதையா என்று நினைத்துக் கண்ணைத் துடைத்தேன். நான் துடைப்பதைப் பார்த்து இன்னும் நாலு கார் நின்றது. வயலில் டிராக்டரை நிறுத்திவிட்டு ஒருவர் தலை குனிந்தார். நான் கைகூட ஆட்டினேன். கொஞ்ச நேரத்தில் பின்னால் திரும்பிப் பார்த்தால் எங்களுக்குப் பின்னே விளக்குப் போட்ட கார்கள் ஒரு வரிசை, ஒருவரும் முந்தவில்லை. முதியோர் இல்லத்துக்குத் திரும்பினால் அவர்களும் திரும்புவார்களே என்று மாமியார் பூவை இறக்காமலே நேராக ஓட்டினார். "எல்லாரும் விளையாட்டுப் பார்க்க வர்றாங்க" என்று டேரியனிடம் சொன்னார். துணிக்குள்ளிருந்து அவன், "டிக்கெட்டே கிடையாதேம்மா" என்றான்.

ரயில் பாதையில் கதவு மூடியிருந்தது. சரக்கு ரயில், முடிகிற மாதிரி இல்லை. பின்காரிலிருந்து கோட்டும் தொப்பியுமாக ஒரு பெரியவர் இறங்கி வந்து, திறந்திருந்த பின்கதவுப் பக்கமாக நின்று, டேரியன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார்.

"எத்தனை வயசும்மா?"

"இருபத்திரெண்டு."

"ஐயோ பாவம். கைக்குழந்தை வேற." பாதங்களைப் பார்த்தார். "வளத்தியான பிள்ளை போல."

"அதுதாங்க பிரச்சினையே" என்றேன்.

அவர் என் தோளைத் தட்டி ஏதோ ஆறுதல் சொல்லத் தொடங்கினார். அந்த நேரம் பார்த்து லில்லிப் பூவின் மகரந்தம் டேரியனின் மூக்கில் ஏறியது. துணிக்குள்ளிருந்து ஒரு தும்மல். பிறகு தெளிவான குரலில், "அம்மா, வந்தாச்சா?"

பெரியவர் கத்தவில்லை. நின்ற இடத்திலேயே, மடிப்புக் குடை மாதிரி, தரையில் உட்கார்ந்துவிட்டார். தொப்பி உருண்டு போயிற்று. சாவு ஊர்வலம் என்று நினைத்துத்தான் வழியெல்லாம் இத்தனை பேரும் ஓரங்கட்டி மரியாதை செய்தார்கள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

டேரியன் துணியை விலக்கி எழப் பார்த்தான். "படுடா. எழுந்தா அமுங்கிடும்" என்று மாமியார் முன்னாலிருந்து கூவினார். "ரொஷெல், நீ போய்த் தூக்கு."

நான் கையில் குழந்தையோடு எப்படித் தூக்குவேன். டேரியன் என்னைப் பார்த்தான், தரையில் இருந்தவரைப் பார்த்தான். காலையிலிருந்து பாத்ரூமுக்குக்கூடப் பிடிவாதமாகத் தவழ்ந்து போனவன் பெரியம்மா, அவன். பூவெல்லாம் சரிய எழுந்து நின்றான். வெள்ளைத் துணி தோளில் தொங்க, மழையில், முழு உயரத்துக்கும் நின்றான். பின்னால் ஒரு காரில் ஓர் அம்மாள் அல்லேலூயா பாட ஆரம்பித்துவிட்டார். டேரியன் அந்தப் பெரியவரை ஓப்பலைத் தூக்குவதுபோலத் தூக்கி, வரிசையோடு நடந்து போய், அவருடைய காரில் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, தொப்பியைத் தேடி எடுத்து வந்து, அவர் நிதானத்துக்கு வரும்வரை பக்கத்திலேயே நின்றான். நின்றான், பெரியம்மா. அதுதான் விஷயம்.

நான் பரிசோதித்துப் பார்த்தேன், நாடி நன்றாக இருந்தது. அவர் டேரியனை உற்றுப் பார்த்துவிட்டு, "நீ யாரு, பெட்வே பையனா? ஆறு அடி ஏழுன்னு சொன்னாங்க?" என்றார்.

மாமியார் அப்போதுதான் முதல்முறையாக அழுதார்.

பர்மிங்ஹாமில் அளந்தார்கள். ஆறு அடி ஐந்தே கால் அங்குலம். அளந்தவரிடம் மாமியார், "உங்க சுவர் கோணலா இருக்கு தம்பி. பெத்தவ சொல்றேன்" என்றார். அவர் பொறுமையாக அடுத்த சுவரில் அளந்தார். ஐந்தே கால். விரித்த கைகளையும் அளந்தார்கள், அது ஏழு அடிக்குக் கொஞ்சம்தான் குறைவு, ஆனால் அதை யாரும் கவனிக்கவில்லை. அந்தக் கைகளால்தான் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழாமலே தொட்டிலில் கிடக்கும் குழந்தையையும் எடுப்பான், அடுப்பையும் அணைப்பான், அதன் அருமை எனக்குத் தெரியும். பிறகு ஆடவிட்டார்கள். டேரியன் அன்று ஆடிய ஆட்டத்தை எனக்கு எழுதத் தெரியாது. எவன் தன்னைவிட நெட்டையோ அவனையே தேடிப் போய் நின்று, அவன் கையிலிருந்து பந்தைத் தின்பண்டம் மாதிரி எடுத்துக்கொண்டு வந்தான். ட்ரூஸ்டெல் மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டு, "கால் அங்குலம் போச்சே, கால் அங்குலம் போச்சே" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்புறம் அணிகள் ஆட்டக்காரர்களைப் பெயர் சொல்லி எடுக்கும் தேர்வு நாள் வந்தது. எடுக்கப்படும் பையனுக்கு அணியின் தொப்பியைப் போடுவார்கள் என்று கேள்விப்பட்டு, மாமியார் தன் தொப்பிகளில் நல்லதாக ஒன்றைத் தூசி தட்டி வைத்தார், எந்த அணி என்றாலும் பொருந்துமாம். சபைப் பெண்கள் கெளுத்தி மீன் வறுத்தார்கள், பீச் பழப் பலகாரம் சுட்டார்கள். இரண்டு சாயங்காலம் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்தோம். ஒவ்வொரு பெயராகப் படித்தார்கள். ஒவ்வொரு பெயருக்கும் எல்லாரும் மூச்சைப் பிடித்து, பிறகு மீனை எடுத்துக்கொண்டோம். மீன் தீர்ந்தது. பெயர்களும் தீர்ந்தன. டேரியன் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினான். நான் துடைத்தேன்.

"பத்தினியம்மா, கோபமா?" என்றான்.

"எதுக்கு?"

"ஏழுன்னு நம்பித்தானே கட்டிக்கிட்ட."

"ஐந்தே காலா இருந்தாலும் உன்னை நான் திருப்பிக் கொடுக்கிறதா இல்லை" என்றேன். அவன் சிரித்தான், ஆனால் ஒரே தட்டை ரொம்ப நேரம் கழுவிக்கொண்டிருந்தான்.

அவன் தன் கைபேசியை நிமிடத்துக்கொருமுறை எடுத்துப் பார்ப்பது தாங்காமல், மாமியார் அதைப் பிடுங்கித் தொப்பிப் பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டார். இங்கே உள்ள உயர்நிலைப் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர் வேலை இருக்கிறது, தலைமையாசிரியரிடம் இன்று காலை டேரியன் சரி என்று சொல்லிவிட்டான். மாமியார் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி மஞ்சள் வீடு ஒன்று பார்த்திருக்கிறோம், அதில் நிலைகள் உயரம், யாருக்கும் தலை இடிக்காது. ஊர்ப் பலகைக்காரர் வர்ணமும் தூரிகையுமாக வந்து, "உயரத்தை மாத்தணுமாங்க, விட்டுடலாமா?" என்று வாசலில் நின்று கேட்டார். மாத்துங்கள் என்றான் டேரியன். "பந்து தட்டுறவனைக் கட்டிக்கிட்டா வாழ்நாள் பூரா பெட்டி கட்டிக்கிட்டே இருக்கணும்" என்று கல்யாணத்தன்று சொன்னீர்களே பெரியம்மா, நான் இனிமேல் ஒரு பெட்டியும் கட்டப் போவதில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு நிம்மதிதான். ஓப்பல் ஒரே தெருவில் வளரும். ஆகவே நீங்கள் எங்களுக்காக ஒழித்து வைத்திருக்கும் அந்த மாடி அறையை யாருக்காவது வாடகைக்கு விட்டுவிடலாம். எங்களைப் பற்றி இனி ஒரு கவலையும் வேண்டாம்.

உங்கள் சபையாருக்கும், பக்கத்து வீட்டு நாயின் எஜமானிக்கும் என் அன்பைச் சொல்லவும். கர்த்தர் உங்கள் முழங்காலைத் தாங்குவாராக, உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக. ஓப்பல் தன் ஒன்றரைப் பல்லால் உங்களுக்கு முத்தம் தருகிறது.

என்றும் உங்கள் சொல் தட்டாத,
ரொஷெல்

பின்குறிப்பு: உறையை ஒட்டுகிற நேரத்தில் தொப்பிப் பெட்டி அடித்தது. மாமியார் எடுத்து, "அவன் படுத்திருக்கான், எழுப்ப மாட்டேன், அன்னிக்கு எழுந்ததாலதான் இவ்வளவும்" என்று வைக்கப் போனார். நான் பிடுங்கிப் பேசினேன். பேசியது முகவர் ட்ரூஸ்டெல். உங்கள் ஊர் டெட்ராய்ட் அணிக்கு ஆள் தேடுகிறவர் ஒருவர் அன்று வாடகைக் காரில் பர்மிங்ஹாம் வந்தாராம். வடக்கத்திக்காரர், சாவு ஊர்வலத்தை முந்தக் கூடாது என்று யாரோ சொல்லிக் கேட்டு, எங்களுக்குப் பின்னால் கடைசிக் காராக ஊர்ந்து வந்ததில் உயரம் அளப்பதையே தவறவிட்டுவிட்டாராம். ஆட்டத்தை மட்டும் பார்த்திருக்கிறார். "செத்தவன் எழுந்து போய் ஒரு கிழவரைத் தூக்கிட்டு வந்ததைப் பார்த்த நாள்லேர்ந்து அவரால வேற எந்தப் பையனைப் பத்தியும் யோசிக்க முடியலையாம்" என்கிறார் ட்ரூஸ்டெல். பெரிய அணிக்கும் அதன் சின்ன அணிக்கும் நடுவில் போய்வரும் ஒப்பந்தம், ஒரு வருடம். டேரியன் குழந்தையோடு கூடத்தில் ஆடிக்கொண்டிருக்கிறான், தலைமையாசிரியரே போனில் அழுது வாழ்த்திவிட்டார், மாமியார் சாமான் ஏற்றச் சபை வேனைக் கேட்கப் போயிருக்கிறார். மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். மாடி அறையை யாருக்கும் விட்டுவிடாதீர்கள். நான் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறேன். அங்கே உள்ள கட்டில் எவ்வளவு நீளம் என்று அளந்து உடனே எழுதவும், பெரியம்மா, தலையணையைச் சேர்க்காமல்.