துபாயில் ஆறு மாதம்

"இன்டர்வியூ நாளைக்குத்தான் சார்" என்றாள் வரவேற்பு மேஜையில் இருந்த பில்கிஸ்.

"தெரியும்மா. நாளைக்கு என் பையன் வருவான். அதுக்கு முன்னால மேனேஜர்கிட்ட ரெண்டு வார்த்தை பேசிடலாம்னுதான்..."

பில்கிஸ் ஆச்சரியப்படவில்லை. "உக்காருங்க" என்றாள்.

மதியழகன் குடியாத்தத்திலிருந்து பஸ் பிடித்து, ஆம்பூரில் இருந்த அந்த ஷூ கம்பெனிக்கு வந்திருந்தார். பத்திரப் பதிவு ஆபீஸில் முப்பது வருஷம் ஊரார் சொன்ன பொய்க்கெல்லாம் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர். சொந்தமாகப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. ஆனாலும் தன் திறமையில் ஒரு நம்பிக்கை இருந்தது.

மகன் வசந்த் ஆறு மாதம் குடி மறுவாழ்வு மையத்தில் இருந்துவிட்டு வந்திருந்தான். அவன் குடியை விட்டது மதியழகனுக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. அந்த ஆறு மாதத்தை எப்படி மறைப்பது என்பதுதான் பெரிய விஷயம்.

"நான் உண்மையச் சொல்லிக்கறேன்பா. நீ பேஜார் பண்ணாத" என்றிருந்தான் வசந்த்.

உண்மையைச் சொல்லி உருப்பட்ட குடும்பம் ஏதாவது உண்டா என்று மதியழகன் யோசித்துப் பார்த்தார். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. மனைவி செண்பகத்திடம் "பென்ஷன் ஆபீஸ் வரைக்கும் போய்ட்டு வர்றேன்" என்று ஒத்திகையாக ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

மேனேஜர் சுஹேல் அகமது மரியாதையாக நாற்காலி காட்டினார். டீ வரவழைத்தார். பையன் பெயரைக் கேட்டு, ஒரு தாளைப் பார்த்து, மடித்து வைத்தார்.

"கடைசி ஆறு மாசம் இன்னா பண்ணாரு?"

"துபாய்ல இருந்தான் சார்."

"அப்படியா! என் தம்பியும் அங்கதான். துபாய்ல எங்க?"

துபாய்க்குள்ளும் ஊர்கள் இருக்கும் என்று மதியழகன் எதிர்பார்க்கவில்லை.

"கடலோரமா."

"என்ன கம்பெனி?"

"ஷூ கம்பெனிதான் சார்."

"அங்க ஷூ கம்பெனி ரொம்பக் கம்மியாச்சே?"

"அதனாலதான் திரும்பி வந்துட்டான்."

"பரவால்ல. நாளைக்கு பாஸ்போர்ட் எடுத்துனு வரச் சொல்லுங்க. விசா முத்திரையப் பாத்துட்டு, அதையும் அனுபவத்துல சேத்துக்கலாம்."

முப்பது வருஷம் முத்திரை குத்தியவர் அந்த வார்த்தையைக் கேட்டதும் டீ கிளாஸைக் கையில் எடுத்தார்.

"பாஸ்போர்ட் தொலஞ்சிடுச்சு சார்."

"பாஸ்போர்ட் இல்லாம எப்படி ஊருக்கு வந்தாரு?"

மதியழகன் டீயை ஒரே மடக்காகக் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டார்.

"அவங்களே அனுப்பி வச்சிட்டாங்க."

"கம்பெனியா?"

"கவர்மென்ட்டு."

"கவர்மென்ட்டு சும்மா அனுப்பாதே சார்."

"சும்மா இல்ல. ரெண்டு மாசம் உள்ள வச்சிருந்துட்டுத்தான்..."

வாயிலிருந்து போனது போனதுதான். மிச்சத்தையாவது காப்பாற்ற நினைத்தார்.

"சின்னக் கேசுதான் சார். திருட்டு கிருட்டெல்லாம் இல்ல. அடிதடி."

"யார அடிச்சாரு?"

"மேனேஜர."

சுஹேல் அகமது நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார். "நல்லது. நாளைக்குப் பையனை அனுப்புங்க" என்றார். அந்தக் குரலில் சூடும் இல்லை, குளிரும் இல்லை.

வெளியே வந்த மதியழகனுக்குச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. குடித்துத் திருந்திய ஒரு பிள்ளையைக் காப்பாற்றப் போய், மேனேஜரை அடித்த ஜெயில் கைதியாக்கிவிட்டு வந்திருந்தார். காலையில் கிளம்பும்போது வசந்த் நாளைக்குப் போட வேண்டிய சட்டையை இரண்டாவது முறையாக இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். அது இப்போது போய்க் கண்ணில் நின்றது.

நேராக பில்கிஸிடம் போனார்.

"அம்மா, நான் உள்ள சொன்னது அத்தனையும் பொய். என் பையன் துபாய் பக்கமே போகல. யாரையும் அடிச்சதில்ல. மறுவாழ்வு மையத்துல இருந்தான். இப்ப தொடறதே இல்ல. சார்கிட்ட நீயே சொல்லிடும்மா, எனக்கு மறுபடி உள்ள போக மூஞ்சி இல்ல."

பில்கிஸ் ரிஜிஸ்டரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"சாருக்குத் தெரியும் சார். இந்தப் பதினோரு வேலையுமே அந்த மையத்துலருந்து வர்றவங்களுக்காக ஒதுக்குனதுதான். நேத்துலருந்து ஆறு அப்பாங்க வந்துட்டுப் போய்ட்டாங்க, அத்தனை பேர் பையனும் துபாய்லதான் இருந்தானாம், உங்க பையன் ஒருத்தன்தான் ஜெயிலுக்குப் போயிருக்கான்."